சங்குப் பக்கத்தில் இரண்டு கீறல்

போன மாதம் ஒரு பெண் எனக்கு ஒரு நாணயத்தின் படத்தை அனுப்பி, "அக்கா, இது நல்லாருக்கா?" என்று கேட்டிருந்தாள். தென்காசியில் நான் எட்டு வருடம் உட்கார்ந்திருந்த மேஜையில் இப்போது அவள் உட்கார்ந்திருக்கிறாள். படம் நன்றாகத்தான் இருந்தது. அதுதான் பிரச்சினை. நூறு வருடப் பழைய வெள்ளிக் காசு, நேற்று கடையில் வாங்கிய எவர்சில்வர் டம்ளர் மாதிரி மின்னியது.

"காசுல கீறலே இல்லையா?" என்று கேட்டேன்.

"இருந்துச்சுக்கா. போனே தானா அழிச்சிட்டு. நான் ஒண்ணும் செய்யல."

'நான் ஒண்ணும் செய்யல' என்று சொல்லிக்கொள்ளும் வசதி எனக்கு இருந்ததில்லை. என் காலத்தில் ஒரு கீறலை அழிக்க வேண்டுமென்றால் கணினி முன்னால் உட்கார்ந்து, படத்தைப் பெரிதாக்கி, பக்கத்து இடத்தின் நிறத்தை எடுத்து எடுத்துப் பூச வேண்டும். பத்து நிமிடம் ஆகும். செய்தது யார் என்பதில் சந்தேகத்துக்கு இடமே இருக்காது.

முப்பத்து மூன்று வயதுக்காரி 'என் காலத்தில்' என்று எழுதினால் சிரிப்பு வரும். ஆனால் நாணயப் படம் எடுக்கும் தொழிலிலிருந்து நான் ஓய்வு பெற்று இரண்டு வருடம் முடிந்துவிட்டது. இப்போது திருநெல்வேலியில் சர்க்யூட் போர்டுகளைப் படம் எடுத்து, பற்றவைத்த இடங்களில் குறை இருக்கிறதா என்று பார்க்கிறேன். இங்கே குறை தெரிந்தால் சந்தோஷப்படுகிறார்கள். 'கொஞ்சம் பளிச்சுன்னு' என்று யாரும் கேட்பதில்லை. அந்தப் பெண்ணுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். அது இவ்வளவு நீளமாகிவிட்டது.

எனக்குச் சொந்த ஊர் கீழப்பாவூர். எலெக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு, வீட்டிலிருந்தே போய்வரும் தூரத்தில் வேலை தேடியபோது கிடைத்தது இது. தென்காசியில் கோயிலுக்குப் பின்னால் ஒரு தெருவில், டீக்கடைக்கு மேலே, ஒரு மாடி அறை. முதலாளியை அண்ணாச்சி என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். பழைய நாணயம் வாங்கி விற்பவர். வீட்டில் கிடக்கும் பழைய காசுகளை ஜனங்கள் அவரிடம் விற்றுத்தரச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். மாதத்துக்கு ஒருமுறை படங்களோடு பட்டியல் போட்டு, சேகரிப்பவர்களுக்கு வாட்ஸப்பில் அனுப்புவோம். விலை போகாத காசு சொந்தக்காரரிடம் திரும்பிப் போகும்.

காசை வாங்கி, எடை போட்டு, எண் எழுதிய உறையில் இட்டு, பீரோவில் வைத்துப் பூட்டுவது வள்ளியக்கா. ஆய்க்குடியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். படம் எடுப்பது நான். மொத்தமே மூன்று பேர்தான்.

முதல் வருடத்தை ஒரு வரியில் முடித்துவிடலாம்: நிழலைப் படம் எடுத்தேன், என் மூச்சின் ஆவியைப் படம் எடுத்தேன், காசில் பிரதிபலித்த என் மூக்கைப் படம் எடுத்தேன், காசை மட்டும் எடுக்கவில்லை. அதன் பிறகு ஒரு வரிசை பிடிபட்டது. விலை உயர்ந்த சாமான் எதுவும் அதற்கு வேண்டாம். இனி வரும் பிள்ளைகளுக்காக எழுதிவிடுகிறேன்.

ஒன்று, கை. சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, நன்றாகக் காய விட வேண்டும். காசை விளிம்பில்தான் பிடிக்க வேண்டும். சாரல் காலத்தில் இந்த விதிக்கு எந்த மரியாதையும் கிடையாது. குற்றாலத்தில் உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்து, அருவியில் நின்றுவிட்டு, ஈரத் தலையோடு நேரே எங்கள் மாடிக்கு வருகிறவர்கள் உண்டு. ஒருவர் "சும்மா பாக்கேன்" என்று சொல்லி, நான் படம் எடுக்க வைத்திருந்த காசின் நடுவில் கட்டைவிரலை ஊன்றி எடுத்தார். "எண்ணெ எல்லாம் அருவியிலயே போயிட்டும்மா" என்று கையை என் முகத்துக்கு நேரே நீட்டினார். நல்லெண்ணெய் வாசம் அடித்தது.

இரண்டு, கேமரா நேராகக் கீழே பார்க்க வேண்டும். மூடிப்போன ஒரு ஸ்டுடியோவிலிருந்து அண்ணாச்சி ஓர் இரும்புத் தூணை வாங்கி வந்திருந்தார். அதில் கேமராவைக் கவிழ்த்து மாட்டினோம். சரியாகக் கவிழ்ந்திருக்கிறதா என்று பார்க்க, காசு வைக்கும் இடத்தில் ஒரு சிறு கண்ணாடியை வைத்தால் போதும். லென்ஸ் தன்னையே படத்தின் நட்டநடுவில் பார்த்தால் நேராக இருக்கிறது என்று அர்த்தம்.

மூன்று, பொத்தானைக் கையால் அழுத்திய உடனே படம் விழக் கூடாது. இரண்டு விநாடி தாமதம் வைக்க வேண்டும். தெருவில் பஸ் போனால் காத்திருக்க வேண்டும், தளம் அதிரும்.

நான்கு, வெளிச்சம். இதை மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். என்னிடம் இருந்தவை பள்ளிப் பிள்ளைகள் படிக்க வைத்துக்கொள்ளும் மேஜை விளக்குகள் இரண்டு, கொஞ்சம் டிரேசிங் பேப்பர், ஒரு போட்டோ பிரேம் கண்ணாடி. விளக்கைப் பக்கவாட்டில் வைத்தால் மேடு பள்ளம் தெரியும். கறுத்த வெள்ளிக் காசு கறுப்பாகவே தெரியும். அந்தக் கறுப்பு அழுக்கு இல்லை. வெள்ளி பல வருடம் பெட்டியில் கிடந்தால் மேலே படியும் தோல். சேகரிப்பவர்கள் அதைத்தான் விரும்புவார்கள். அதே காசுக்கும் லென்ஸுக்கும் நடுவே கண்ணாடியைச் சாய்த்து வைத்து, விளக்கைக் கண்ணாடியில் அடித்தால், வெளிச்சம் செங்குத்தாகக் காசின் மேல் இறங்கி, லென்ஸுக்கே திரும்பி வரும். இப்போது அந்தக் கறுப்புக் காசு வெளுத்துப் பளபளக்கும். இரண்டுமே பொய் இல்லை. காசைக் கையில் வைத்துச் சாய்த்துப் பார்த்தால் இரண்டும் தெரியும். படத்தில்தான் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது.

தேர்ந்தெடுத்தது அண்ணாச்சி.

அவர் ஒருநாளும் அதட்டியதில்லை. அதட்டியிருந்தால் எதிர்த்தாவது பேசியிருக்கலாம். நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பார். திரையைப் பார்ப்பார். ஒரு பெருமூச்சு விடுவார். "நல்லாத்தான் இருக்கு" என்பார். சொல்லிவிட்டுப் போகமாட்டார்.

"என்ன அண்ணாச்சி?"

"ஒண்ணுமில்லம்மா. கொஞ்சம் கறுப்பா இருக்கோ?"

"காசு கறுப்பு அண்ணாச்சி."

"காசு கறுப்புதான். போட்டோ எதுக்கும்மா கறுக்கணும்?"

கண்ணாடியைச் சாய்த்துத் திரும்ப எடுப்பேன். மறுபடி பெருமூச்சு வரும். இந்த முறை கீறலுக்கு.

"எம்மா, பொண்ணு போட்டோ அனுப்புதோம்னு வச்சுக்கோ. மூஞ்சில பரு இருந்தா ஸ்டுடியோக்காரன் தொட்டு விடமாட்டானா?"

"மாப்பிள்ள வீட்டுக்காரங்க நேர்ல வந்து பாப்பாங்கள்லா?"

"வரட்டும். பொறவு பேசிக்கிடலாம்."

"அண்ணாச்சி பொண்ணு பாக்கப் போன கத எனக்குத் தெரியும்" என்பார் வள்ளியக்கா, உறையில் எண் எழுதிக்கொண்டே. "அவங்க வீட்டு ஆச்சி இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்காவ. போட்டோல முடி இருந்துச்சாம்."

"நீ வேலையப் பாருட்டி" என்று அண்ணாச்சி தலையைத் தடவிக்கொண்டு போவார். நான் பத்து நிமிடம் உட்கார்ந்து கீறலை அழிப்பேன்.

வாங்கியவர்கள் காசைக் கையில் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினால், அண்ணாச்சி முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்வார். அதனால் அந்தப் பக்கமிருந்து தகராறு வந்ததில்லை. காசின் சொந்தக்காரரிடமிருந்தே வரும் என்று எங்கள் மூவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

வாசுதேவநல்லூரிலிருந்து ஒருவர் வந்தார். போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஏட்டையா என்றுதான் கூப்பிட்டோம். செங்கோட்டைப் பக்கம் முன்பு திருவிதாங்கூரோடு இருந்ததால், அந்த ராஜ்யத்துக் காசுகள் எங்கள் பக்கத்து வீடுகளில் கிடப்பது சகஜம். இவர் கொண்டுவந்தது வெள்ளி அரை ரூபாய். ஒரு பக்கம் சங்கு, மறுபக்கம் எழுத்து. அவருடைய அப்பா ஒரு தகர டப்பாவில் போட்டு வைத்திருந்ததாம். தாளில் சுற்றியபடியே கொடுத்தார். பிரித்தது வள்ளியக்கா. ஏட்டையா அந்தக் காசைச் சரியாகப் பார்த்துப் பல வருடம் ஆகியிருக்கும் என்பது பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது.

அழகான காசு. மை போலக் கறுத்து, விளிம்பில் மட்டும் லேசாக நீலம் ஓடியிருந்தது. சங்கின் மேல் குறுக்காக இரண்டு மெல்லிய கீறல்கள். பக்க விளக்கில் எடுத்தேன். பெருமூச்சு. கண்ணாடியைச் சாய்த்து எடுத்தேன். பெருமூச்சு. கீறல்களை அழித்தேன். "பின்பக்கத்த யாரு பாக்கப் போறா" என்று அண்ணாச்சி சொல்லிவிட்டதால் எழுத்துப் பக்கத்தை எடுத்தது எடுத்தபடி விட்டேன். பட்டியல் போனதும், கணினியில் இடம் இல்லை என்று, திருத்தாத மூலப் படங்களை அழிப்பது எங்கள் வழக்கம். அதையும் செய்தேன். நான் எதற்கும் பட்டியல் போடுகிறவள். எந்தெந்தப் படங்களை அழித்தேன் என்பதற்குக்கூட ஒரு பட்டியல் வைத்திருந்தேன். படங்களை வைத்திருக்கவில்லை.

ஏட்டையாவுக்கும் இரண்டு பக்கத்துப் படங்களும் போயின. அவர் சங்குப் பக்கத்தைத் தன் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் அனுப்பி, போனின் முகப்பிலும் வைத்துக்கொண்டார். காசு அவர் எதிர்பார்த்த விலைக்குப் போகவில்லை. திரும்ப வாங்கிக்கொள்ள வந்தார்.

வள்ளியக்கா உறையை எடுத்துக் கொடுத்தார். ஏட்டையா உள்ளங்கையில் கவிழ்த்துப் பார்த்தார்.

"இது யாருது?"

"உங்க காசுதான் ஏட்டையா."

"என் துட்டு வெள்ள வெளேர்னு இருந்துச்சு. இது கரிக்கட்ட." போனை எடுத்து எங்கள் மூவருக்கும் மாறி மாறிக் காட்டினார். "இதுல கோடு கெடக்கா? அதுல பாரு, ரெண்டு கோடு."

வள்ளியக்கா ரசீதை எடுத்து, காசைத் தராசில் வைத்து, எடை அப்படியே இருப்பதைக் காட்டினார்.

"அரை ரூவா எல்லாம் ஒரே எடதானம்மா. எனக்குத் தெரியாதா?"

அது சரியான பதில். எரிச்சலாக இருந்தது. நான் அவரை என் மேஜைக்கு அழைத்து, காசை வைத்து, விளக்கைப் பக்கத்தில் காட்டினேன், பிறகு கண்ணாடி வழியாகக் காட்டினேன். திரையில் கறுப்புக் காசு வெளுத்தது. கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சரி, கறுப்பு போகுது. வெளிச்சத்த மாத்துனா கோடும் போயிருமா?"

பதில் எனக்குத் தெரியும். அண்ணாச்சி என் நாற்காலிக்குப் பின்னால் நின்று பெருமூச்சு விட்டார். நான் விளக்கை அணைத்தேன்.

ஏட்டையா வள்ளியக்கா பக்கம் திரும்பினார். "துட்ட வாங்குனது யாரு?"

"நான்தான்."

"பூட்டுனது?"

"நான்தான்."

"சாவி?"

"எங்கிட்டதான் இருக்கு."

"அப்போ நான் வேற யாரக் கேக்க?"

எட்டு வருடத்தில் நான் மறக்க நினைத்தும் முடியாதது அடுத்து நடந்ததுதான். அண்ணாச்சி, ரொம்ப மென்மையாக, "வள்ளி, நல்லா யோசிச்சுப் பாரு. கவர் கிவர் மாறிட்டா?" என்றார். கீறல் எப்படிப் போனது என்று அவருக்குத் தெரியும். வள்ளியக்கா அவரையே பார்த்தார். "பதினேழு வருசம் ஒரு கவர் மாறல அண்ணாச்சி" என்று மட்டும் சொன்னார்.

ஏட்டையா காசைத் தாளில் சுற்றிப் பையில் போட்டார். "வீட்டுல காட்டிட்டு வாரேன். பொறவு ஸ்டேசனுக்குத்தான்." கீழே இறங்கி, டீக்கடை வாசலில் நின்று, ஜன்னல் வழியாக எங்களுக்குக் கேட்கும் குரலில் சொன்னார்: "மேல ஒரு களவாணி உக்காந்திருக்கா. வெள்ளத் துட்டக் குடுத்தா கரித் துட்டு தாரா."

அந்தப் பேச்சு வள்ளியக்காவுக்கு முந்திய பஸ்ஸிலேயே ஆய்க்குடிக்குப் போய்விட்டது. மறுநாள் காலையில், பக்கத்து வீட்டுக்காரி "கடையில என்னமோ காணாமப் போயிட்டாமே" என்று விசாரித்ததாக வள்ளியக்கா சொன்னார். அண்ணாச்சி அன்று வந்ததும் கையை நீட்டினார். "தப்பா நெனைக்காத வள்ளி. ஏட்டையா சமாதானம் ஆகுத வரைக்கும் சாவி எங்கிட்ட இருக்கட்டும்."

சாவியைக் கொடுத்துவிட்டு வள்ளியக்கா தன் மேஜையில் உட்கார்ந்தார். செய்வதற்கு வேலை இல்லை. காலி உறைகளை அடுக்கினார், கலைத்தார், மறுபடி அடுக்கினார். அண்ணாச்சி சாப்பிடப் போன நேரத்தில் என்னைக் கேட்டார்.

"கோமதி, அந்தக் கோடு ரெண்டும் முதல்லயே இருந்துச்சுல்லா?"

"இருந்துச்சுக்கா."

"நேத்து ஏன் சொல்லல?"

"அண்ணாச்சி நின்னாங்க..."

"அண்ணாச்சி சாவியத்தான் எடுத்தாவ. உன் வாயையுமா எடுத்துட்டுப் போனாவ?"

சாயங்காலம் அண்ணாச்சியிடம் போய், ஏட்டையாவுக்குப் போன் செய்து உண்மையைச் சொல்லப்போவதாகச் சொன்னேன். அவர் உட்காரச் சொன்னார். "எம்மா, ஒரு போட்டோவ திருத்துனோம்னு சொன்னா எல்லாப் போட்டோவையும் சந்தேகப்படுவான். பட்டியலே படுத்துரும். அவருக்கு வெள்ளையா ஒரு அரை ரூவா தேடிக் குடுத்துருவோம். முடிஞ்சு போயிரும்."

"அப்படிக் குடுத்தா வள்ளியக்கா எடுத்ததுன்னே ஆயிரும்லா அண்ணாச்சி?"

பெருமூச்சு விட்டார். நான் போன் செய்யவில்லை. ஒரு வாரம் ஓடியது. அந்த வாரம் எடுத்த படங்கள் எல்லாம் துல்லியமாக இருந்தன என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

எட்டாம் நாள் ஏட்டையா வந்தார். பையிலிருந்து காசை எடுத்து என் மேஜையில் வைத்தார். அது பளபளவென்று இருந்தது.

"என்ன செஞ்சீங்க ஏட்டையா?"

"தேச்சேன். வெள்ளி வெளக்குக்குப் போடுத திருநீற வச்சு எங்க வீட்டுல கால் மணி நேரம் தேச்சா. உண்ம தெரியணும்லா. கறுப்பு போயிட்டு, பாத்துக்க. கோடு போகல. என் துட்டுல கோடு கெடையாது. இப்பவாச்சும் ஒத்துக்கிடுங்க. இல்லன்னா நேரா ஸ்டேசன்தான். அங்கன இருக்கவன் எனக்கு ஜூனியர்."

குனிந்து பார்த்தேன். நூறு வருடத் தோல் போயிருந்தது. விளிம்பின் நீலம் போயிருந்தது. காசு முழுக்கத் தேய்த்த கோடுகள், தலைமுடி போல. எழுத்துகளின் இடுக்கில் திருநீறு. சங்கின் மேலிருந்த இரண்டு கீறல்களிலும் அது புகுந்ததில், அவை வெள்ளைக் கோடுகளாக எழுந்து நின்றன. அந்த அம்மா காசைக் கெடுக்க நினைத்துத் தேய்க்கவில்லை. போனில் இருக்கும் படத்தைப் போல ஆக்கத்தான் தேய்த்திருக்கிறார். படம் என்னுடையது.

"ஏட்டையா, அந்தக் கோடு முதல்லயே இருந்தது. போட்டோல நான்தான் அழிச்சேன்."

"அழிச்சியா? எதுக்கு?"

"அழகா இருக்கட்டும்னு."

"யாரு சொல்லி?"

"அண்ணாச்சி சொன்னாங்க. அழிச்சது நான்."

பின்னால் பெருமூச்சுக்கூடக் கேட்கவில்லை. ஏட்டையா என்னை நிதானமாகப் பார்த்தார்.

"கோட்ட எடுக்கத் தெரிஞ்சவளுக்குத் துட்ட எடுக்கத் தெரியாதா?"

ஒரு வாரம் தள்ளிப்போட்டு, ஒருவழியாக உண்மையைச் சொன்னால், அது வள்ளியக்காவைக் காப்பாற்றுவதற்குப் பதில் களவுக்கு இன்னொரு ஆளைச் சேர்த்துவிட்டது. அவர் கேட்டதில் தப்பும் இல்லை. மூலப் படம் இருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். நான் கைவைக்காத படம் வேறு ஏதாவது உண்டா என்று யோசித்தேன். அப்போதுதான் எழுத்துப் பக்கம் நினைவுக்கு வந்தது.

"உங்க போன்ல ரெண்டாவது போட்டோ இருக்குல்லா ஏட்டையா? எழுத்துப் பக்கம். அதுல நான் கை வைக்கல."

"நான் எப்படி நம்ப?"

"நம்ப வேண்டாம். போன் உங்க கையில இருக்கு. துட்டும் உங்க கையிலயே இருக்கட்டும். ரேகை பாக்கும்போது எத்தன இடம் பொருந்துதுன்னு எண்ணுவாங்கள்லா? அந்த மாதிரி எண்ணிப் பாப்போம்."

இது அவருக்குத் தெரிந்த பாஷை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அண்ணாச்சியின் மேஜையிலிருந்து பூதக்கண்ணாடியைக் கேட்காமலே எடுத்துக்கொண்டார். காசை இடது கையால் மறைத்தார். "நீ போட்டோவப் பாத்துச் சொல்லு. நான் துட்டுல தேடுதேன். துட்டப் பாக்கக்கூடாது. போனையும் தொடக்கூடாது." படத்தை அவரே விரலால் பெரிதாக்கி எனக்கு நேரே பிடித்தார்.

காசைக் கடிகாரமாக நினைத்து மணி சொல்வது எங்கள் தொழில் வழக்கம். ஆரம்பித்தேன்.

"ரெண்டு மணில, விளிம்ப ஒட்டி, ஒரு குழி."

பூதக்கண்ணாடி நகர்ந்தது. திருநீறு காசை எவ்வளவு கெடுத்திருந்தாலும் ஒரு வேலை செய்திருந்தது. ஒவ்வொரு குழியிலும் புகுந்து வெள்ளைப் புள்ளி வைத்திருந்தது.

"இருக்கு."

"நாலரைல ரெண்டு சின்னக் குழி, அடுத்தடுத்து."

"ம்."

"ஏழு மணில, எழுத்தோட வாலு நசுங்கியிருக்கும்."

இதற்கு நேரம் எடுத்தது. "இருக்கு. மேல சொல்லு."

"பதினொண்ணுல ஒரு குழி. நடுவுல, கொஞ்சம் கீழ, இன்னொண்ணு."

இரண்டையும் பார்த்தார். வாட்ஸப்பில் போய்ச் சுருங்கிய படம் அது. அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அப்படியே சொன்னேன். "அஞ்சு இடம்தான் ஏட்டையா."

அவர் ஒத்துக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. போனைத் தன் பக்கம் திருப்பி, காசைப் பார்ப்பதும் படத்தைப் பார்ப்பதுமாக இருந்தார். தெருவில் ஒரு பஸ் போனது. தளம் அதிர்ந்தது. வள்ளியக்கா எழுந்து வந்து மேஜைக்கு எதிரே நின்றார்.

"ஆறாவது ஒண்ணு கெடக்கு" என்றார் ஏட்டையா. "ஒம்பது மணில, விளிம்பு வெட்டுப்பட்டிருக்கு. நீ விட்டுட்ட."

எட்டிப் பார்த்தேன். விட்டிருந்தேன். மயிரிழை அளவு வெட்டு, படத்திலும் காசிலும் ஒரே இடத்தில். தானே கண்டுபிடித்த பிறகு அவர் முகம் தளர்ந்தது.

"துட்டு என்னுதுதான்."

தாளை எடுத்துச் சுற்றப் போனவர் நிறுத்தினார். "தேச்சதுக்கு விலை கூடும்லா?"

அன்று முதல்முறையாக அண்ணாச்சி வாயைத் திறந்தார். "கொறையும் ஏட்டையா. தேச்ச காச யாரும் கேக்கமாட்டாங்க."

ஏட்டையா காசையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவ ரொம்ப ஆசையா தேச்சா" என்றார். "அவட்ட இத சொல்லக் கூடாது." சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

வள்ளியக்கா வழியை விட்டு நகரவில்லை.

"துட்டு உங்களுதுன்னு இங்கன சொல்லிட்டீங்க. களவாணின்னு கீழல்லா சொன்னீங்க ஏட்டையா?"

"விடும்மா. கோவத்துல சொன்னது."

"கோவத்துல சொன்னது ஆய்க்குடி வரைக்கும் போயிட்டு. மெதுவா சொல்லுதது மாடிப்படியத் தாண்டுமா?"

அவர் படி இறங்கினார். நாங்கள் இருவரும் பின்னால் போனோம். டீக்கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். ஏட்டையா, வாக்குமூலம் வாசிக்கிறவர் மாதிரி நிமிர்ந்து நின்று, "அன்னைக்கு நான் சொன்னது தப்பு. துட்டு மாறல. இந்தம்மா மேல எந்தக் குத்தமும் இல்ல" என்றார். இரண்டு பேர் தலையாட்டினார்கள். அவர் யாரையும் பார்க்காமல் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார்.

நான் மாடிக்குத் திரும்பினேன். வள்ளியக்கா கையைப் பிடித்து நிறுத்தினார்.

"நீயும் சொல்லு."

"நான் என்னக்கா சொல்ல? அதான் அவரே சொல்லிட்டாருல்லா."

"துட்டு மாறலன்னா ஏட்டையா என்ன கிறுக்கனான்னு கேப்பாங்க. பாவம்னு விட்டுட்டாருன்னு சொல்லுவாங்க. கோடு எங்க போச்சுன்னு நீதான சொல்லணும்?"

டீக்கடை பெஞ்சுக்கு முன்னால் நின்று, "போட்டோல இருந்த கீறல நான் அழிச்சிட்டேன். அதான் இவ்வளவுக்கும் காரணம்" என்றேன்.

டீ மாஸ்டர் டீ ஆற்றுவதை நிறுத்தினார். "எந்தப் போட்டோம்மா?"

முதலிலிருந்து சொல்ல வேண்டியதாயிற்று. கறுப்புக் காசு எப்படி வெளுப்பாகத் தெரியும் என்று சொன்னேன். கண்ணாடியை எப்படிச் சாய்ப்பது என்று கையால் காட்டினேன். "கறுப்புன்னா அழுக்குல்லா?" என்று ஒருவர் கேட்டார். இல்லை என்று அதையும் விளக்கினேன். "எங்க வீட்டுல ஒண்ணு கெடக்கு. தேச்சுக் கொண்டாரட்டுமா?" என்று இன்னொருவர் கேட்டார். தேய்க்காதீர்கள் என்று மூன்று முறை சொன்னேன். கீறலை எப்படி அழித்தேன், ஏன் அழித்தேன், ஒரு வாரம் ஏன் பேசாமல் இருந்தேன் என்பது வரை வந்தபோது பெஞ்சில் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வள்ளியக்கா கைகளைக் கட்டிக்கொண்டு, நான் முடிக்கும்வரை அங்கேயே நின்றார்.

மேலே ஜன்னலில் அண்ணாச்சி நின்றிருந்தார். வள்ளியக்கா அண்ணாந்து பார்த்து, சாதாரணக் குரலில் கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, சாவிய எடுத்துட்டுக் கீழ வாங்க. அடுத்து நீங்க."